ட்ரிகரை இழுக்கக்கூடாது

சனிக்கிழமை மதியம், லண்டனில் பார்க்கிங் என்ற ஊருக்குப் போகும் ரயிலில் எதிரே ஒரு யாழ்ப்பாணத் தம்பதி. துப்பாக்கி கிளப்பில் சேர வைத்த சோதனையில் கணவர் தோற்றுவிட்டு வருகிறார். ஆனாலும் மனைவிக்கு வகுப்பு எடுத்தார்.

“ட்ரிகரை இழுக்கக்கூடாது. விரல் நுனியால மெல்ல அமத்தவேணும். எப்ப வெடிக்குமெண்டு எனக்கே தெரியக்கூடாது. அடுத்த குண்டு தானா ஏறுற துவக்கு, அதால வெடிச்ச உடன விரலை எடுக்கவும் கூடாது, எடுத்தா குறி அசைஞ்சுபோம்.”

“அப்ப ஏன் அஞ்சு குண்டும் பக்கத்து வெள்ளைக்காரன்ர குறி அட்டையில போய்ப் பட்டது?”

“சத்தத்துக்குக் கண் மூடிப்போட்டுது.”

“ஊரில கேக்காத துவக்குச் சத்தமோ?”

“கேட்டபடியாத்தான் மூடுது.”

“பிறகேன் இஞ்சயும் தேடிப் போறியள்?”

“ஒருக்கா எண்டாலும் துவக்குக்குப் பின்னால நிண்டு பாப்பமெண்டுதான்.”