மங்களம் வீட்டு மூன்று மூடிகள்

சிங்கப்பூரில் பருவமே கிடையாது என்று சொல்பவர்கள் ஒரு மிளகாய்ச் செடிகூட வளர்த்திருக்க மாட்டார்கள். டிசம்பர் மழையில் வேர் அழுகும். பிப்ரவரியில் தொட்டி மண் பாளம் பாளமாக வெடிக்கும். ஏப்ரலில் தினமும் பிற்பகல் இடிமழை, அது விட்டதும் மாவுப்பூச்சி. செப்டம்பரில் புகைமூட்டம் வந்தால் ஒவ்வோர் இலையையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டினேன். அந்த வேலையில் எனக்குப் பிடித்தது சாலையோர மரங்கள் மட்டும்தான். மீதியெல்லாம் மனிதர்கள்.

உட்காருங்கள், அர்ஃபான் தம்பி. நீங்கள் கொசு ஒழிப்பு அதிகாரி. பக்கத்து வீட்டுச் சமையலறைச் சன்னலுக்கு வெளியே, துணி காயப்போடும் கழிகளைச் செருகும் மூன்று குழாய்களிலும் மூடி இல்லையே, ஏன் என்று கேட்கிறீர்கள். செத்துப்போனவளின் வீட்டுச் சாவி என்னிடம் இருந்ததால் என்னிடம் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. மூடிகளை நான்தான் கழற்றினேன். என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன, போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் கழற்றினேன் என்பதற்கு உங்கள் படிவத்தில் இடம் போதாது.

என் பெயர் ஆம்ப்ரோஸ் என்று ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள். இந்தக் காரிடாரில் எனக்கு இருபத்திரண்டு தொட்டிகள் இருந்தன. நடுவில் ஒரு கறிவேப்பிலை மரம். ஆறு வருடம் வளர்த்தது, என்னைவிட ஒரு முழம் உயரம். தேக்கா சந்தைக்குப் போய் வேப்பம் பிண்ணாக்கு வாங்கிவந்து போடுவேன். இந்த மாடியில் இருப்பவர்கள் எல்லோரும் கேட்காமல் பறிப்பார்கள். பக்கத்து வீட்டு மங்களம் ஒருத்திதான் கேட்பாள். "அண்ணே, ரெண்டு ஈர்க்கு ஒடிச்சுக்கவா?" அது எனக்கு இன்னும் எரிச்சல். திருடினால் திட்டலாம், கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

இந்த ஜனவரியில் நகர மன்றத்திலிருந்து கடிதம் வந்தது. நடைபாதையை அடைத்திருக்கும் தொட்டிகளை இரண்டு வாரத்தில் எடுக்க வேண்டும். கூடவே ஒரு புகைப்படம். மங்களம் வீட்டு வாசலில் நின்றால் மட்டும்தான் அப்படி எடுக்க முடியும். நான் எதையும் நகர்த்தவில்லை. ஆட்கள் வந்தார்கள். மரம் மின்தூக்கியில் நுழையவில்லை என்று மூன்று துண்டாக வெட்டினார்கள். நான் உள்ளே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். காரிடார் முழுக்கக் கறிவேப்பிலை வாசனை. ராத்திரி அந்த வீட்டில் ரசம் தாளிக்கிற சத்தம் கேட்டபோது அவளை வெறுத்தேன். வேறு வார்த்தை தேடவில்லை, தம்பி, வெறுத்தேன்.

சண்டை போடவில்லை. காலையில் பார்த்தால் வணக்கம் சொன்னேன். இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தபோது பப்பாளி இலைச் சாறு பிழிந்து கொடுத்தவனும் நான்தான். மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் லிஃப்டுக்காக நிற்கும்போது சொன்னாள்: "டாக்டர் சொல்லிட்டாங்கண்ணே, வேற வகை டெங்கி இன்னொரு தடவ வந்தா ரொம்ப டேஞ்சராம். தாங்காதாம்." அப்போது எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஜனவரிக்குப் பிறகு அதே வார்த்தை வேறு மாதிரி ஞாபகத்துக்கு வந்தது.

செடி வளர்ப்பவனுக்குக் காத்திருக்கத் தெரியும். பிப்ரவரி, மார்ச் ஒன்றுக்கும் ஆகாது, தண்ணீர் நிற்காமல் வற்றிவிடும். ஏப்ரல் மழையை விட்டுப்பிடித்தேன், அக்கம்பக்கத்தில் காய்ச்சல் இல்லாதபோது வெறும் கொசுவால் பயனில்லை. மே கடைசியில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சிவப்புப் பதாகை கட்டினீர்கள். பத்துப் பேருக்குமேல் டெங்கி என்று அர்த்தம். அதே வாரம் மங்களம் பெர்த்தில் இருக்கும் மகன் ஜெய் வீட்டுக்கு மூன்று வாரம் கிளம்பினாள். சாவியைக் கொடுத்து, "ஏழு தொட்டிதாண்ணே, கிச்சன்ல இருக்கு. உங்க கை பட்டா எல்லாம் தழைக்குது லா" என்றாள்.

தழைக்கத்தான் செய்தது. முதல் நாளே செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். சன்னல் வழியே கையை நீட்டி மூடிகளைக் கழற்றி, குழாய்களுக்கும் ஊற்றினேன். அந்தப் பழைய குழாய்கள் ஒரு கோப்பை தண்ணீர் பிடிக்கும். ஐந்தாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தேன், புழு நெளிந்தது. அதற்குத் தீனியாக உலர்ந்த இலையைப் பொடித்து ஒரு சிட்டிகை போட்டேன். அதிகம் போட்டால் தண்ணீர் நாறிப்போகும். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பார்த்தேன். முதல் கூட்டம் பறந்துபோனதும் அடுத்தது வந்தது. சன்னலை ஒரு சாண் திறந்து வைத்தேன். என் கை காலில் மருந்து தடவிக்கொண்டேன். காரிடாரில் மற்றவர்களும் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றி யோசிக்கவில்லையா என்று கேட்பீர்கள். யோசித்தேன். கேட்காமல் பறித்தவர்கள்தானே.

பதினேழாம் நாள், அவள் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தபோது என் போனுக்கு அவளுடைய குரல் பதிவு வந்தது. அழித்துவிட்டேன், ஆனால் ஒரு வார்த்தை மாறாமல் சொல்ல முடியும்.

"அண்ணே, உங்க பொறந்தநாளன்னிக்குச் சொல்லலாம்னு இருந்தேன், மனசு கேக்கல. அந்த நீலத் தொட்டியில இருக்குறது உங்க மரத்தோட கன்னுதான். வெட்டிட்டுப் போனாங்கல்ல, அவங்ககிட்ட கெஞ்சி அடிக்கன்ன வாங்கி வச்சேன். அந்த போட்டோ, செக் பண்ண வந்த ஆளு எங்க வாசல்ல நின்னு எடுத்தது. நான்தான் கம்ப்ளெயின் பண்ணேன்னு நெனச்சிட்டீங்களோன்னு இத்தன நாளா உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ஞாயித்துக்கெழம வந்துடுவேன். வந்து பேசுவோம்ணே."

நீலத் தொட்டியைத் தேக்காவில் வாங்கியது என்று நினைத்திருந்தேன். என் மரத்தை வெட்ட வைத்துவிட்டுக் கடையில் கன்று வாங்கி வைத்திருக்கிறாள் பார், என்று ஒவ்வொரு தடவையும் அதற்கு மட்டும் தண்ணீரைக் குறைத்து ஊற்றியிருந்தேன். குரல் பதிவை இரண்டு முறை கேட்டேன். அவள் பொய் சொல்லவில்லை. மங்களத்துக்குப் பொய் வராது, அது அவளிடம் இருந்த பெரிய தொல்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள். குழாய்களைத் துடைத்து மூடியைப் போட ஒரு நிமிடம் போதும். சன்னலைச் சாத்தி ஒரு டப்பா மருந்து அடித்தால் வீட்டுக்குள் பறந்ததும் செத்திருக்கும். எட்டிப் பார்த்தேன். இரண்டாவது கூட்டம் கூட்டுப்புழுவாகிவிட்டது. வெயிலில் தண்ணீர் இரண்டு விரல் அளவு இறங்கியிருந்தது. கோப்பையை எடுத்து, குறைந்ததை நிரப்பினேன்.

திரும்பி வந்த பத்தாம் நாள் காய்ச்சல். "அண்ணே, பப்பாளி இல கெடைக்குமா?" என்று கேட்டாள். பிழிந்து, இரண்டு முறை வடிகட்டிக் கொடுத்தேன். கசக்காமல் இருக்கத் தேன்கூடக் கலந்தேன். ஜூலை ஒன்பதாம் தேதி மருத்துவமனையில் இறந்தாள். ஜெய் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதான். கோயிலில் பாதிரியாரிடம் இதைச் சொல்லவில்லை. அவர் மன்னித்துவிடுவார், எனக்கு அது பிடிக்காது.

வேறு எங்கேயாவது பிறந்த கொசுவாகவும் இருக்கலாம் என்று நீங்கள் எழுதப் பார்க்கிறீர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எழுத வேண்டாம். அவள் பிழைத்திருந்தால் நான் அவள் வாசலில் போய் நின்று, ஐந்து மாதமாக உன்னைத் தப்பாக நினைத்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் "பரவால்லண்ணே" என்று சொல்லியிருப்பாள். பிறகு தினமும் லிஃப்டில் அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். புகார் கொடுத்தவள் என்று நினைத்தவரை அரை மனதோடுதான் தண்ணீர் ஊற்றினேன், தம்பி. கொடுக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவள் சாக வேண்டும் என்று முழு மனதோடு ஊற்றினேன்.