திருவிழா வாசலில் கைப்பை பார்த்தவர்

“பேக்கைத் திறந்து பாத்தாத்தான் யாரு வீட்டுல அடுப்பு எரியலன்னு தெரியும்.”

தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வரும் பஸ்ஸில், முன் இருக்கையில் இருந்த பெண் இப்படிச் சொன்னார். ஈஸ்டர் அன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த வருடத்திலிருந்து மாதா கோயில் திருவிழாவில் பெண்களின் கைப்பைகளைச் சோதிப்பவர் அவர் என்று பேச்சில் தெரிந்தது. பக்கத்தில் இருந்த பெண் கோயில் சபை உறுப்பினர்.

“கோவிச்சுக்காதீங்க ஸ்டெல்லா அக்கா. பாதுகாப்புக்கு மாகாணத்துல இருந்து காசு வந்திருக்கு. இந்த வருசம் வாசல்ல பேக்கை ஸ்கேன் பண்ற மெசின் வைக்கிறாங்க. தகவலெல்லாம் பொலிஸோட போன் குரூப்புல போகுமாம்.”

“அப்ப நான்?”

“நீங்க நிம்மதியா பூசை பாருங்க.”

“மொத வருசம் பேக்கைத் திறக்கச் சொன்னா மொறைப்பாங்க. அப்புறம் அவங்களே திறந்து காட்டுவாங்க. ஒருத்தி பேக்குல பாஸ்போர்ட் இருந்துச்சு. குவைத் போறதை அம்மாகிட்டகூட சொல்லல, என்கிட்டச் சொல்லி அழுதா. இன்னொருத்தி மூணு பிள்ளைக்கும் சாப்பிட ஒரே ஒரு பணிஸ்தான் வச்சிருந்தா.”

“பெரிய சீஐடிதான் நீங்க!”

“ஆனா பொலிஸுக்குச் சொன்னதில்ல. ஃபாதருக்குத்தான் சொல்லுவேன். அடுத்த கிழமை அந்த வீட்டுக்கு அரிசி போயிரும். அந்த மெசின் இதெல்லாம் சொல்லுமா?”

சபை உறுப்பினர் சிரித்தபடி தன் கைப்பையைத் திறந்து நீட்டினார். “இந்தாங்க, கடைசியா இதையும் பாத்துருங்க.”

ஸ்டெல்லா அக்கா கைக்குட்டையை ஒதுக்கிவிட்டு உள்ளே பார்த்தார்.

“பிரஷர் மாத்திரை கார்ட் காலியா கெடக்கே. எப்ப இருந்து போடல?”

மற்றவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பத்து நாளாச்சு அக்கா. வீட்டுல சொல்லல.”