கோழி நாறுவதில்லை

கோழி நாறுவதில்லை. ஈரம்தான் நாறும். கோழி வளர்க்கிறவர்களிலேயே பாதிப் பேருக்கு இது தெரியாது.

எழுதித் தருகிறேன் என்று நான்தான் கேட்டேன். வாயால் சொன்னால் நடுவில் கேள்வி கேட்பீர்கள், வரிசை குலைந்துவிடும். தாளும் பேனாவும் தந்ததற்கு நன்றி, ஐயா.

பெயர் செங்குட்டுவன். வயது முப்பது. பி.எஸ்சி. வேதியியல். சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் வேலை. பெர்மனன்ட் ஆன இரண்டாம் வருடம் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அதே வருடம் கல்யாணம். என் மனைவி எழில்மதி கார்த்திகை மாதம் இறந்தாள். பக்கத்து வீட்டுச் சிங்காரவேல் அண்ணன் மார்கழியில் இறந்தார். இரண்டையும் விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். அதில் ஒரு திருத்தம் இருக்கிறது.

வீட்டுக்குப் பின்னால் பதினொரு நாட்டுக்கோழிகள் வைத்திருந்தேன். எட்டடிக்கு ஆறடியில் தகரக் கூரையும் நான்கு பக்கம் கம்பிவலையுமாக ஒரு கொட்டகை, அதை ஒட்டித் திறந்த பட்டி. குவார்ட்டர்ஸ்களுக்கு நடுவில் இடுப்பளவு சுவர்தான். இந்தப் பக்கம் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். அதனால் வாசனை விஷயத்தில் முதல் நாளிலிருந்தே கவனமாக இருந்தேன். தரையில் அரையடி உயரத்துக்கு நெல் உமியும் கடலைத் தோலும் பரப்பினேன். காடாம்புலியூரிலிருந்து மாமனார் கொண்டுவரும் முந்திரிச் சருகையும் கலந்தேன். காலையிலும் மாலையிலும் கிளறுவேன். தண்ணீர்க் குவளையைச் செங்கல் மேல் வைத்தால் கோழி தட்டிச் சிந்தாது. எச்சம் காய்ந்து உமியோடு கலந்துவிட்டால் அது மண். ஈரமாகவே கிடந்தால் அம்மோனியா. வித்தியாசம் அவ்வளவுதான்.

எழிலுக்கு முட்டை எடுப்பது மட்டும்தான் வேலை. ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் தேதி எழுதுவாள். எதற்கு என்று கேட்டேன். "பொறந்த நாளு தெரிய வேணாமா அதுக்கு" என்றாள்.

சிங்காரவேல் அண்ணன் நல்ல மனிதர். குறிஞ்சிப்பாடிப் பக்கம். கிரேன் ஓட்டினார். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. எழிலைத் தங்கச்சி என்பார். ஆனி மாதம் மாமனார் பலாப்பழம் கொண்டுவந்தபோது சுவரோரம் நின்று ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு வேடிக்கையாக ஏதோ சொன்னார். நான்கு பேரும் சிரித்தோம்.

ஐப்பசி தொடக்கத்தில் ஒரு நாள் அதே சுவரோரம் வந்து நின்றார்.

"தம்பி, ஒண்ணு சொல்லுவேன், தப்பா நெனைக்கக் கூடாது."

"சொல்லுங்கண்ணே."

"கோழி கொஞ்சம் நாறுது தம்பி. சோறு துன்ன உக்காந்தா ஒரு மாதிரியா இருக்குது."

"காலையிலயா, சாயங்காலமாண்ணே?"

அவர் ஒரு கணம் என் தலைக்கு மேலே பார்த்தார். "அதெல்லாம் நான் குறிச்சிக்கினா இருக்கேன்? மூக்குல என்ன கடிகாரமா கட்டிவுட்டிருக்குது? பாத்து எதுனா செய்யி. கோழிய வேணா ஊர்ல கொண்டுபோயி வுட்டுடேன். வூட்டுல புள்ளத்தாச்சி வேற இருக்குது."

எழிலுக்கு அப்போது மூன்றாம் மாதம். நாங்கள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

பார்க்கிறேன் என்றேன். அன்று மாலையே தார்ப்பாய் வாங்கி, அவர் வீட்டைப் பார்த்த பக்கத்தில் கொட்டகையின் கம்பிவலை முழுவதையும் மூடினேன். காற்று இனிமேல் எங்கள் சமையலறைப் பக்கமாக மட்டும்தான் வெளியேறும். அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு இல்லை. மறுநாள் எழில் சமையலறை ஜன்னலைச் சாத்தியிருந்தாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு முன்வாசலுக்குப் போய் நிற்பாள், குக்கர் விசில் அடித்தால் உள்ளே வருவாள். நான் எதுவும் கேட்கவில்லை. அவளும் எதுவும் சொல்லவில்லை. அந்த ஐப்பசியில் நாங்கள் மொத்தமாகவே குறைவாகத்தான் பேசினோம்.

பிறகு மழை பிடித்தது. ஒன்பது நாள் விடவில்லை. தரை ஓதம் வாங்கி உமி சேறாகிவிட்டது. நானே ஒப்புக்கொள்கிறேன், அந்த ஒன்பது நாளும் நாறியது. காய்ந்த உமி எங்கும் கிடைக்கவில்லை. அதனால் இருப்பதைக் காயவைக்க முடிவு செய்தேன். வடலூர் ரோட்டில் லாரியிலிருந்து உதிரும் பழுப்பு நிலக்கரிக் கட்டிகளை நம்மூரில் பொறுக்காதவர்கள் யார். வெந்நீர் போட ஒரு சாக்கு வைத்திருந்தேன். அதில் நான்கு கட்டிகளை ஓர் இரும்புச் சட்டியில் கங்காக்கி, கொட்டகைக்குள் செங்கல் மேல் வைத்தேன். கோழிகளைப் பட்டியில் விட்டேன். சாரல் அடிக்காமல் இருக்க மீதி மூன்று பக்கமும் சாக்கும் தார்ப்பாயும் கட்டினேன். விடிகாலை ஐந்து மணி. ஆறு மணி ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

மூடிய இடத்தில் நிலக்கரி கனன்றால் என்ன வரும் என்பது எனக்குத் தெரியும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. சுரங்கத்தில் பாதுகாப்பு வகுப்பில் சொல்லிக்கொடுத்துக் கையெழுத்தும் வாங்கினார்கள். ஆனால் இந்த ஊரில் பிறந்தவனுக்குக் கரிப்புகை புகையாகவே படாது. கோழி இல்லாத கொட்டகைக்குள் யார் போகப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

எழில் போயிருக்கிறாள். மூக்கைத் துப்பட்டாவால் சுற்றிக் கட்டிக்கொண்டு, கூடையும் மண்வெட்டியுமாக. நான் வருவதற்குள் அந்தச் சேற்றை அள்ளிக் கொட்டிவிட நினைத்திருக்கிறாள். மழைக்காகக் கதவைச் சாத்திக்கொண்டாள். கூடையில் பாதி அள்ளியிருந்தாள். பதினொரு மணிக்குச் சிங்காரவேல் அண்ணன் மனைவி செங்கமலம் அக்கா பார்த்திருக்கிறார். கோழிகளில் ஒன்றுகூடச் சாகவில்லை. அடுக்களையில் மூன்று முட்டைகள் இருந்தன, அன்றைய தேதியோடு.

அவை இன்னும் இருக்கின்றன.

காரியம் முடிந்த பிறகு நான் வேலைக்குப் போனேன், வந்தேன். சட்டி எதற்கு, தார்ப்பாய் எதற்கு என்று திரும்பத் திரும்ப யோசித்தேன். எல்லாம் ஒருவருடைய மூக்குக்காக. அவர் சுவரோரம் வந்து அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்தால் தார்ப்பாய் இல்லை. தார்ப்பாய் இல்லையென்றால் காற்று இருந்திருக்கும். இதில் தர்க்கப்பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அண்ணன் தினமும் எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். "துன்னு தம்பி. அவளுக்காகவாச்சும் துன்னு" என்பார். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏதோ சொல்ல வாயெடுப்பார், பிறகு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

மார்கழிப் பூசத்தன்று அக்கா வடலூருக்கு ஜோதி பார்க்கப் போனார். மாதாமாதம் போவார். அக்கா வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் செய்தேன், அவர் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அண்ணன் முதல் ஷிப்ட் முடிந்து வந்து தூங்குவார், நாலு மணிக்கு எழுந்து தானே டீ போடுவார். பின்கதவைத் தாழிடும் வழக்கம் எங்கள் வரிசையில் யாருக்கும் இல்லை. மூன்று மணிக்கு நான் அவர்கள் சமையலறைக்குள் போய் வந்தேன். ஜன்னலைச் சாத்தினேன். கேஸ் குழாய் பழசாகிக் கசிந்தது என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. குழாய் பழசில்லை.

இதைக் கொலை என்று நீங்கள் எழுதலாம். நான் அன்று அதை ஒரு சோதனையாகத்தான் நினைத்தேன். சுவருக்கு அப்பால் கிடக்கும் கோழி எச்சத்தை முகர்ந்தவருக்குத் தன் அடுப்படியில் நிறையும் கேஸ் தெரியாதா? தெரிந்தால் ஓடி வெளியே வருவார், பிழைப்பார். அவர் மூக்கே அவரைக் காப்பாற்றட்டும். நாலு மணிக்குத் தீக்குச்சி கிழித்தார்.

தை மாதம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். எழிலின் டிபன் பாக்ஸ் ஒன்று அவர்களிடம் இருந்தது, அதைக் கொடுக்க. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு வார்த்த உங்கிட்ட சொல்லணும் தம்பி. இனிமே மறைச்சி என்னா ஆவப்போவுது. கோழி நாறுதுன்னு அவரு சொன்னாரே, அது அவரு சொன்னது இல்ல. அவருக்கு ஏது மூக்கு? கொரோனாவுல போனது திரும்பவே இல்ல. அதனாலதான கேஸும் தெரியல."

"அப்புறம் யாரு சொன்னது?"

"எழிலுதான். ஒரு நாளு வந்து என் மடியில படுத்துக்கினு அழுதுது. ஒரு வாய் உள்ள போவ மாட்டேங்குதுக்கா, கொமட்டுதுக்கா, அவருகிட்ட சொன்னா மனசு ஒடிஞ்சிடுவாரு, அண்ணன, தானே சொல்றாப்புல சொல்லச் சொல்லுங்கன்னுது. எம் பேரு வர வேணாம்னு சத்தியம் வாங்கிக்கினுச்சி. அவரு கடைசி வரைக்கும் அத காப்பாத்துனாரு தம்பி. உங்கிட்ட சொல்லிடலாமான்னு தெனமும் கேப்பாரு. நாந்தான் வேணாம்னேன், நீ தாங்க மாட்டன்னு."

மறுநாள் காலை நான் உங்களிடம் வந்து, அண்ணனைக் கொன்றது நான்தான், அக்கா இப்படிச் சொன்னார் என்று மட்டும் சொன்னேன். ஒரு நிரபராதியைக் குற்றவாளி என்று தவறாக நினைத்துவிட்டேன், அதைத் தாங்க முடியாமல் வந்திருக்கிறேன் என்று நீங்கள் நினைத்தீர்கள். உங்கள் ஏட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நானும் மறுக்கவில்லை.

திருத்தம் இதுதான்.

ஆனியில் சுவரோரம் பலாச்சுளையைத் தின்றுகொண்டு அண்ணன் சொன்னது இது: "ஏந் தங்கச்சி, இது பலாப்பழமா, வெள்ளரிக்காயா? கொரோனா வந்ததுலேர்ந்து எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். சாக்கடையில தள்ளுனாலும் பன்னீர்னு நெனச்சிக்கினு நீந்துவேன்." அதற்குத்தான் நான்கு பேரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

ஆகவே ஐப்பசியில் அவர் நாறுது என்றபோதே எனக்குத் தெரியும். அவர் என் தலைக்கு மேலே பார்த்தார் அல்லவா, நான் திரும்பினேன். சமையலறை ஜன்னலில் எழில் நின்றிருந்தாள். சட்டென்று விலகினாள். என்னிடம் சொல்லாமல் வேறொருவரிடம் போய் அழுதிருக்கிறாள். தார்ப்பாயை அவர் பக்கம் கட்டியது அவருக்காக அல்ல. காற்று அவள் ஜன்னலுக்குப் போகட்டும், அவளே வந்து என்னிடம் சொல்லட்டும் என்று கட்டினேன். முப்பது நாள் காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. கங்கு வைத்த அன்று காலை அவள் விழித்துத்தான் இருந்தாள். உள்ளே போகாதே என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். யார் முதலில் பேசுவது என்ற வீம்பில் இருந்தேன்.

அவள் போன பிறகு, அந்தப் புகார் அண்ணனுடையதாக இருக்கும்வரைதான் என்னால் தூங்க முடிந்தது. ஒவ்வொரு நாளும் அவர் வாயெடுத்தார். ஒரு நாள் சொல்லிவிடுவார். மூக்கில்லாதவருக்கு கேஸ் தெரியாது என்பது தெரிந்துதான் கேஸைத் தேர்ந்தெடுத்தேன். சோதனை எதுவும் இல்லை. அக்காவுக்கும் விஷயம் தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று. அவர் படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, அடுத்த பூசம் என்றைக்கு, வடலூரிலிருந்து அவர் எத்தனை மணிக்குத் தனியாகத் திரும்புவார் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அதனால்தான் மறுநாள் காலையே வந்தேன்.

கோழிகளை யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். உமியைத் தினமும் கிளறச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். எழில் சொல்லவே இல்லை என்று எழுதினேன். புரட்டாசியில் ஒரு முறை, "என்னங்க, கொஞ்சம் நாறுதோ" என்று கேட்டாள். நான் கோபப்படவில்லை. கொட்டகையிலிருந்து ஒரு கை உமியை அள்ளி வந்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். முகர்ந்து பார், எங்கே நாறுகிறது, காட்டு என்றேன். கையை எடுக்கவில்லை. அவள் முகர்ந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "இல்லீங்க" என்றாள். பிறகு கொல்லைப் பக்கம் போய் வாந்தி எடுத்தாள். சத்தம் கேட்டது. நான் உமியைக் கிளறப் போய்விட்டேன்.

கேட்டது அவள்தான். நாறவில்லை என்று சொன்னதும் அவள்தான்.