எழுதாத மாடிப்படி

— கதவைச் சாத்து.

— காத்து வரட்டும்னுதான் திறந்து வச்சேன்.

— சாத்துன்னா சாத்து. பக்கத்து வீட்டுக்காரங்க கேக்க வேண்டாம்.

— அப்படி என்ன ரகசியம்? கடையில ஏதாவது பிரச்சினையா?

— உன் வகுப்புத் தோழி வந்தா. குழாய்க்கு வாஷர் வாங்க. போற போக்குல, "உங்க வீட்டம்மா கதை வந்திருக்கு, படிச்சுட்டுக் குடுங்க"ன்னு இதை நீட்டினா.

— அட, கல்லூரி மலர் வந்திருச்சா? எனக்கே இன்னும் தரலை. கொண்டாங்க இப்படி.

— தொடாதே. முதல்ல பதில் சொல்லு. இதுல யாரைப் பத்தி எழுதியிருக்கே?

— யாரைப் பத்தியும் இல்ல. ஒரு பிளம்பர். கொஞ்சம் வயசானவர்...

— வயசானவரா?

— சரி, வயசே ஆகாதவர்.

— விளையாடாதே. இந்த ஆள் தண்ணி ஒழுகாம இருக்கக் குழாயில நூல் சுத்திட்டுக் கடைசியில ஒரு முடிச்சு போடுறான். எந்தப் பிளம்பர் நூலுக்கு முடிச்சு போடுறான்? வெட்டி விட்டுட்டுப் போவான். நான் ஒருத்தன்தான் போடுறேன். கூட வேலை பார்க்கிறவனுங்க, குழாய்க்குச் சடை பின்னுறியான்னு கேலி பண்ணுவானுங்க.

— அது... கண்ணுல பட்டது, எழுதினேன். ஒரு ஆளைக் காட்டணும்னா அவன் கையைக் காட்டுங்கன்னு வாத்தியாரம்மா சொல்வாங்க.

— அதுக்கு என் கைதான் கிடைச்சுதா?

— முப்பது வருஷமா பார்க்கிற கை வேற எது இருக்கு எனக்கு?

— இதுக்குத்தான் அப்பவே யோசிச்சேன். நாப்பத்தெட்டு வயசுல சாயங்கால வகுப்பு, அதுலயும் இலக்கியம்...

— கட்டணம் கட்டினது நீங்கதானே?

— கட்டினேன். மக போனப்புறம் நீ சுவரைப் பார்த்துட்டே உட்கார்ந்திருந்தே. நாலு பேரைப் பார்த்தா மனசு மாறும்னு கட்டினேன். இப்ப சுவரை விட்டுட்டு என்னைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கே. முன்னெல்லாம் நாவல் எடுத்தா கடைசிப் பக்கத்தைத்தான் முதல்ல பார்ப்பே. ஒண்ணு சேர்ந்தாங்களா இல்லையான்னு தெரிஞ்சாத்தான் உனக்குச் சோறு இறங்கும். இப்ப ஒரே பக்கத்தை வாரக்கணக்கா வச்சுப் படிக்கிறே. அதோட விட்டாப் பரவாயில்ல. கடையில இன்னிக்குக் கூட்டம்னு நான் சொன்னா, "இதை எதுக்கு இப்பச் சொல்றீங்க"ங்கறே. மனுஷன் வீட்டுல வாயைத் திறக்க முடியுதா?

— யாரும் கேக்காத கேள்விக்கு ஒருத்தன் பதில் சொன்னா, அந்த இடத்தை ரெண்டு தடவை படிங்கன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க.

— அப்படியா? அப்ப நான் கேக்கிற கேள்விக்குப் பதில் சொல்லு. செவ்வாய்க்கிழமை என்ன சொல்லிக் குடுத்தாங்க?

— எது?

— போன செவ்வாய்க்கிழமை. வகுப்புல.

— அதுவா... கவிதை.

— என்ன கவிதை?

— பழசு. சொன்னா உங்களுக்குப் புரியாது.

— மத்த நாள்ல புரியுதா இல்லையான்னு பார்த்தா சொல்றே? செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடியே பாடம் முழுக்க ஒப்பிப்பே. செவ்வாய்க்கிழமை மட்டும் சத்தமே இல்லாம அடுப்படிக்குள்ள போயிடறே. தோள்பட்டை வேற ஈரமா இருக்கு. மழையே இல்லாத நாள்ல.

— தண்ணி குடிக்கும்போது சிந்தியிருக்கும்.

— தோள்லயா?

— நல்லாத்தான் படிக்கிறீங்க நீங்களும். பேசாம என்கூட வகுப்புல சேர்ந்துடுங்க.

— பேச்சை மாத்தாதே.

— மாத்துறது நீங்க. கதையைப் பத்தி ஆரம்பிச்சுட்டு என் தோள்பட்டைக்கு வந்துட்டீங்க.

— சரி, கதைக்கே வர்றேன். நான் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கடைக்குச் சரக்கு எண்ணப் போறேன். இந்த ஆளும் சரக்கு எண்ணப் போறேன்னு சொல்லிட்டுப் போறான். போறதுக்கு முன்னாடி சட்டைக்கு இஸ்திரி போடுறான்.

— இரும்புக் குழாயை எண்ண எதுக்கு இஸ்திரிச் சட்டைன்னு தோணிச்சு. எழுதினேன்.

— என்னைப் பின்தொடர்ந்தியா?

— எனக்கு வேற வேலை இல்லையா?

— பின்ன எப்படித் தெரியும் உனக்கு?

— என்ன தெரியும்? சரக்கு எண்ணப் போறீங்கன்னு தெரியும். அதுவும் நீங்க சொல்லித்தான்.

— அதுக்கப்புறமும் எழுதியிருக்கியே!

— என்ன எழுதியிருக்கேன்?

— உனக்குத் தெரியாதா?

— நான் எழுதினது எனக்குத் தெரியும். நீங்க என்ன படிச்சீங்கன்னு கேக்கிறேன்.

— அந்த மாடிப்படி. மூணாவது மாடிக்கு ஏறுறான். பாதியில நின்னு மூச்சு வாங்குறான். கைப்பிடிக் கம்பி ஆடுது. கதவு முன்னாடி நின்னுக்கிட்டு, தட்டலாமா, திரும்பிப் போயிடலாமான்னு... இதெல்லாம் யார் சொன்னா உனக்கு? அவ சொன்னாளா?

— எவ?

— அதான்... கதையில வர்ற பொண்ணு.

— கதையில பொண்ணே இல்லையே.

— இருக்கா.

— எந்தப் பக்கத்துல?

— இரு, கண்ணாடி எங்கே... இங்கதான் இருந்தது. இஸ்திரி... குடை எடுக்கிறான்... "சரக்கு எண்ணப் போகிறேன் என்றான்"... "தெருமுனையில் கடைப் பக்கம் திரும்பாமல் மறுபக்கம் திரும்பினான்"...

— அப்புறம்?

— தாள் ரெண்டு ஒட்டிக்கிட்டிருக்கு போல.

— ஒட்டலை. கதை அதோட முடிஞ்சுது. அடுத்த பக்கம் வேற யாரோ எழுதின கவிதை.

— நான் படிச்சேனே. கல்லாவுல உட்கார்ந்து... படிச்சேன்மா.

— படிச்சிருப்பீங்க. நான் எழுதலை. முதல்ல எழுதினப்போ பக்கத்துக்குப் பக்கம் அழுது வச்சிருந்தேன். வாத்தியாரம்மா அத்தனையையும் அடிச்சுட்டாங்க. "நீங்களே அழுது முடிச்சுட்டா படிக்கிறவங்களுக்கு என்ன வேலை? கொஞ்சம் இடம் விடுங்க, அவங்கவங்க மனசுல இருக்கிறதை அங்க வச்சுக்குவாங்க"ன்னாங்க. எனக்கு அப்ப நம்பிக்கை இல்ல. ஆனாலும் தெருமுனையோட நிறுத்திட்டேன்.

— எனக்குன்னே வலை விரிச்சிருக்கே நீ.

— செய்தித்தாள்லயே தலைப்பைத் தாண்டிப் படிக்க மாட்டீங்க. நீங்க கதை படிப்பீங்கன்னு நான் கனவா கண்டேன்? சொல்லுங்க. எந்த மாடிப்படி?

— வர்ற மாசத்தோட வகுப்பை நிறுத்திடு.

— கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. அப்புறம் நிறுத்தலாம்.

— போனேன். போதுமா? அவ வீட்டுக்குத்தான். குழந்தை பிறந்த செய்தி காதுல விழுந்ததுலருந்து ஒரு ஞாயித்துக்கிழமை விடலை. திட்டணும்னா இப்பவே திட்டிடு.

— ...

— திட்டேன். இப்படிச் சும்மா இருக்காதே. பயமா இருக்கு.

— குழந்தை யார் சாடை?

— மூக்கு அப்படியே உன்னுது. கோபம் வந்தா அதுவும் விடைக்குது.

— ம்...

— "வெளியே போ"ன்னு இதே இடத்துல நின்னு அவகிட்ட சொன்னேன். அவ இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்கற ஒரே காரணத்துக்காக. இல்லைங்கலை. ஆனா, "எனக்கு மகளே பிறக்கலைன்னு நினைச்சுக்கிறேன்"னு சொன்னது யாரு? நீ. பெத்தவளே அப்படிச் சொன்னப்புறம், நான் அவளைப் பார்க்கப் போறேன்னு எந்த மூஞ்சியோட உன்கிட்ட வந்து சொல்ல? நீ இன்னும் கல்லா இருக்கேன்னு நினைச்சேன்.

— நானும் உங்களை அப்படித்தான்...

— என்ன?

— ஒண்ணுமில்ல. நீங்க சொல்லுங்க.

— சொல்ல என்ன இருக்கு? அம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன். உளறிட்டா.

— அவ மூச்சே விடலை. அவ மேல பழி போடாதீங்க.

— பின்ன? ஆள் விட்டுப் பார்த்தியா? நான் மறுபக்கம் திரும்பினது வரைக்கும் எழுதியிருக்கியே. மாடிப்படி நான் வச்சதாவே இருக்கட்டும். தெருமுனை உன்னுதுதானே?

— முடிச்சைப் பார்த்தேன்.

— எந்த முடிச்சு?

— அடுப்படியில குழாய் ஒழுகிக்கிட்டே இருந்தது. கீழே ஒரு வாளி வச்சிருந்தா. ஒரு நாள் பார்த்தா வாளியைக் காணோம். குனிஞ்சு பார்த்தேன். நூல் சுத்தி, கடைசியில சடை பின்னின மாதிரி ஒரு முடிச்சு. அங்கேயே உட்கார்ந்து அழுதுட்டேன்.

— என்ன உளறுறே? நம்ம அடுப்படிக் குழாய் என்னிக்கு ஒழுகிச்சு?

— நம்மளது இல்ல. அவளது.

— அவ அடுப்படிக்குள்ள நீ எப்படி...

— செவ்வாய்க்கிழமை எனக்கு வகுப்பே கிடையாதுங்க.