கூட்டத்தை நிறுத்திய சத்தம்

என் பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது அறுபத்தேழு. தொடக்கப் பள்ளியின் பின்மதிலை ஒட்டிய தெருவில், கடைசி வீட்டில், மகன், மருமகளோடு வசித்து வருகிறேன். உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதைச் சொன்னாலும் கூடவே ஓர் உதாரணம் சொல்லுவேன் என்பதால் பிள்ளைகள் எனக்கு ‘உதாரணம் சார்’ என்று பெயர் வைத்தார்கள். தெருவில் இன்றும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். இதற்கு முன் என் மீது எந்த வழக்கும் இருந்ததில்லை. யாருடைய மிரட்டலுக்கும் பயந்து அல்லாமல், நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து, உதவி ஆய்வாளர் அம்மா கேட்க, நடந்ததை நடந்தபடி சொல்லுகிறேன்.

பள்ளி மதிலுக்கு அந்தப் பக்கம், மூடிக் கிடக்கும் பழைய கிடங்கு ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் எரிவாயுவில் ஓடும் பெரிய இயந்திரங்களை வைத்து மின்சாரம் தயாரிக்க ஒரு நிறுவனம் விண்ணப்பம் செய்திருந்தது. அனுமதி கொடுக்கும் முன் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது விதி. அதன்படி ஒழுங்குமுறை ஆணையம் நகராட்சிக் கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப் போவதாக அறிவிப்பு ஒட்டியது. நிறுவனத்தின் அறிக்கை நூலகத்தில் வைக்கப்பட்டிருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து முழுவதையும் படித்தேன். மின் நிலையமே கூடாது என்பது என் எண்ணம் அல்ல. என் வீட்டிலும் விசிறி ஓடுகிறது. கரண்ட் போனால் முதலில் புலம்புகிறவன் நான்தான் என்று என் மகன் சொல்லுவான்.

அறிக்கையில், பள்ளி மதில் அருகே சத்தம் அறுபத்தைந்து டெசிபல் இருக்கும் என்றும், இது இருவர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் அளவே என்றும், ஆகவே பள்ளிக்குப் பாதிப்பு இல்லை என்றும் எழுதியிருந்தது. அந்தப் பள்ளியில் என் மருமகள் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. மதிலை ஒட்டிய அறைதான் அவளுடைய வகுப்பு. இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. குரலை உயர்த்தினால் இருக்கிற குரலும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அவள் மெதுவாகத்தான் பேசுகிறாள். பிள்ளைகளும் அதற்குப் பழகிவிட்டார்கள். அவள் வாயைத் திறந்தால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். அன்று சாப்பிடும்போது அறிக்கையில் இருந்ததை அவளிடம் சொன்னேன். அவள் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, “மாமா, ரெண்டு பேர் பேசுற அளவுதான்னு அவங்க எழுதிட்டாங்க. நான் பாடம் நடத்துறப்ப பக்கத்துல ரெண்டு பேர் நாள் பூரா பேசிக்கிட்டே இருந்தா, பிள்ளைங்க யார் சொல்றதக் கேக்கும்? நான் கத்தணும், இல்லன்னா வேலைய விடணும்” என்றாள். அந்தப் பெரிய கூடத்தில் அவளுடைய குரல் எடுபடாது என்பதால் நான் போய்ப் பேசுவது என்று முடிவாயிற்று.

அதன் பிறகு, பேச விரும்புகிறவர்கள் பெயர் பதிய வேண்டிய இடத்துக்குச் சென்று, ‘சத்தம் பற்றி, செய்முறை விளக்கத்துடன்’ என்று எழுதிக் கொடுத்தேன். குமாஸ்தா அதைப் பார்த்துவிட்டு, “சார்ட்டா சார்? மாட்டுறதுக்கு ஆணி இருக்கு, கவலப்படாதீங்க” என்று சொல்லி முத்திரை குத்தினார். சார்ட் அல்ல என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

டெசிபல் என்றால் எங்கள் தெருவில் யாருக்கும் ஒன்றும் புரியாது. எனக்கே அது ஓர் எண்ணாகத்தான் தெரியும். உதாரணமாக, குழம்பில் எத்தனை கிராம் உப்பு போட்டிருக்கிறது என்று சொன்னால் யாருக்கும் ருசி தெரியாது, ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் தெரியும். உதாரணம் வேண்டாம், நடந்ததை மட்டும் சொன்னால் போதும் என்று உதவி ஆய்வாளர் சொல்லுவதால் நிறுத்திக்கொள்கிறேன்.

அதன் பிறகு, கூட்டங்களுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் மெக்கானிக்கின் கடைக்குப் போய், அவரிடம் இருப்பதிலேயே பழைய, இரைச்சல் அதிகமான ஜெனரேட்டர் வேண்டும் என்று கேட்டேன். “எல்லாரும் சத்தம் வராத மெஷினா குடுன்னு சண்ட போடுவாங்க. நீங்க என்ன சார், டாக்டர்கிட்ட போயி நல்லா கசக்குற மருந்தா குடுங்கன்னு கேக்குற மாதிரி கேக்குறீங்க?” என்று சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் வாடகை வேண்டாம், டீசலுக்கு மட்டும் கொடுங்கள் என்றார். கூட்டத்துக்கு முதல் நாள் கூடம் காலியாக இருந்தபோது காவலாளியிடம் கேட்டுக்கொண்டு, பின்புற முற்றத்தில் இயந்திரத்தை ஓட விட்டோம். மருமகள் நடு வரிசை நாற்காலியில் செல்போனில் சத்தத்தை அளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்தம் அதிகமானால் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டுவாள், நாங்கள் இயந்திரத்தைப் பின்னுக்குத் தள்ளுவோம். அறிக்கையில் இருந்த எண் வந்தபோது அவள் இரண்டு கையையும் தூக்கினாள். சக்கரம் நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன்.

நான் பேசும்போது கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தால் இயந்திரத்தை ஓட விட வேண்டும், மறுபடியும் துடைத்தால் நிறுத்த வேண்டும் என்று மெக்கானிக்கிடம் சொல்லி வைத்தேன். இந்த ஏற்பாடு முழுக்க என்னுடையது. அவர் நிற்கும் இடத்திலிருந்து ஜன்னலின் ஒரு கதவு வழியாக, மேடை ஓரத்தில் நிறுவனத்தார் மாட்டும் வரைபடத்தின் அருகே நிற்பவரின் கை தெரியுமே தவிர, ஆள் யார் என்று தெரியாது என்பதையும், வியர்க்கிற நாளில் எல்லோரிடமும் கைக்குட்டை இருக்கும் என்பதையும் நான் யோசிக்கவில்லை.

கூட்டத்தன்று காலை பத்தரை மணிக்கு ஆணையத்தின் அதிகாரி தலைமையில் நடவடிக்கை தொடங்கியது. ஒரே ஒரு மைக் இருந்தது, அது அதிகாரியின் மேஜையில் இருந்தது. நிறுவனத்தின் பொறியாளர் முதலில் விளக்கம் சொல்ல வேண்டும், அடுத்து என் பெயர். பொறியாளர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மைக்கின் வயர் வரைபடம் வரை எட்டாததால் மைக் இல்லாமலே பேசினார். அவர், “சத்தத்தப் பத்தி யாரும் பயப்பட வேண்டாம். இப்ப நாம பேசிக்கிட்டிருக்கிற மாதிரிதான் இருக்கும்” என்று சொல்லி, கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். உடனே ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது.

பொறியாளர் தொடர்ந்து பேசினார். வாய் அசைவது தெரிந்தது. பின்வரிசையிலிருந்து “கேக்கல, சத்தமா பேசுங்க” என்று குரல் வந்தது. அவர் குரலை உயர்த்திப் பேசி, வியர்த்து, கழுத்தைத் துடைத்தார். இயந்திரம் நின்றது. கூடம் முழுக்கச் சிரித்தது. அவர் தண்ணீர் குடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்து, “சத்தத்தப் பத்தி யாரும்” என்று சொல்லும்போதே நெற்றியைத் துடைத்தார். இயந்திரம் மறுபடியும் ஓடியது. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

மெக்கானிக்கிடம் நிறுத்தச் சொல்லலாம் என்று எழுந்தேன். அப்போது, மக்கள் பார்ப்பதற்காக நிறுவனத்தாரே கொண்டு வந்து மேஜையில் வைத்திருந்த சத்தம் அளக்கும் மீட்டர் கண்ணில் பட்டது. சிவப்பு எழுத்தில் அறுபத்து நான்கு என்று காட்டிக்கொண்டிருந்தது. நான் ஜன்னல் பக்கம் போகாமல் மேஜைப் பக்கம் போனேன். இது தெரிந்தே செய்தது. தவறி நடந்தது என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. மீட்டரைக் கையில் எடுத்து அதிகாரியின் முன் காட்டி, “ஐயா, இதுதான் அறிக்கையில எழுதியிருக்கிற சத்தம். அதுலயும் ஒண்ணு கம்மி” என்றேன். அதிகாரி, “என்னது?” என்றார். மறுபடியும் சொன்னேன். காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, “என்னது?” என்றார். மூன்றாம் தடவை நான் கத்திச் சொன்னேன். அவர் ஒரு தாளை எடுத்து ‘உடனே நிறுத்தவும்’ என்று எழுதிக் காட்டினார். நான் ஜன்னலுக்குப் போய்க் கையைக் காட்டி நிறுத்தினேன்.

சத்தம் அடங்கிய பிறகு என் பெயரை அழைக்கும்படி கேட்டேன். அதிகாரி, “இந்த இரைச்சல்ல எப்படிங்க கூட்டம் நடத்துறது?” என்று சொல்லி, கூட்டம் முடிந்தது என்று அறிவித்துவிட்டார். இரைச்சல் நின்றுவிட்டதே என்றேன். அவர் கோப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். என் பெயர் அழைக்கப்படவே இல்லை. மறுநாள் ஒட்டிய கூட்டப் பதிவில், வெளியார் இடையூறால் கூட்டம் முடித்துவைக்கப்பட்டது என்றும், சத்தம் குறித்து ஆட்சேபணை எதுவும் எழுப்பப்படவில்லை என்றும் இருந்தது. மருமகள் அதைப் பள்ளிக்குப் போகும் வழியில் நின்று படித்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து, “மாமா, இடமாற்றத்துக்கு எழுதிக் குடுத்துடட்டுமா?” என்று கேட்டாள். கொஞ்சம் பொறும்மா என்றேன்.

அதன் பிறகு நிறுவனத்தின் சார்பில் பொறியாளர் கொடுத்த புகாரின் பேரில் ஜெனரேட்டர் கைப்பற்றப்பட்டு, இப்போது இந்த நிலையத்தின் வளாகத்தில் நிற்கிறது. அதற்குப் பிறகு ஒரு நாள் மாலை பொறியாளர் என் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். கொடுத்த டீயைக் குடித்தார். “சார், நீங்க பெரியவங்க. தெரியாம நடந்துபோச்சுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க, போதும். புகார வாபஸ் வாங்கிக்கிறோம். மெக்கானிக் மெஷினும் வெளிய வந்துரும்” என்றார். எனக்கு வந்திருந்த புகார் நகலை எடுத்து, அதில் உள்ள வரியைப் படித்தேன். ‘மேற்படி இயந்திரத்தின் இரைச்சலால், ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காமல் போய், கூட்டத்தைத் தொடர்ந்து நடத்த இயலாத நிலை ஏற்பட்டது’ என்பது அந்த வரி. “இது நெஜந்தானே?” என்று கேட்டேன். “நெஜந்தான் சார். நான்தானே அங்க நின்னேன்” என்றார். “அன்னைக்கு உங்க மீட்டர் காட்டினதும் நெஜந்தானே?” என்று கேட்டேன். “அது புது மீட்டர் சார், தப்பாக் காட்டாது” என்றார். கைக்குட்டையை வெளியே எடுத்தவர், என்னைப் பார்த்துவிட்டு, துடைக்காமலே பையில் வைத்துக்கொண்டார். டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மெக்கானிக்கிடம் போய் நடந்ததைச் சொன்னேன். இயந்திரம் இல்லாததால் அவருக்கு இரண்டு வாடகை கைநழுவிப் போயிருந்தது. உங்களுக்காக வேண்டுமானால் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, “கஷ்டந்தான் சார், இல்லன்னு சொல்லல. ஆனா இத்தன வருஷத்துல என் மெஷின் சொல்றத ஒருத்தனும் காது குடுத்துக் கேட்டதில்ல. எவ்வளவு பெரிய ஆபீசர், பேனாவ எடுத்து எழுதிக் காட்டுற வரைக்கும் கேட்டிருக்காரு. நீங்க மன்னிப்பு கேட்டு அத ஊமையாக்கிடாதீங்க” என்றார்.

ஆகவே நான் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கவில்லை, கொடுக்கப் போவதும் இல்லை. புகாரில் எழுதியிருப்பது ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. மைக்கும் மேடையும் அதிகாரமும் இருந்த இடத்தில், பெரியவர்களால் அந்தக் கூட்டத்தை நடத்த முடியவில்லை. எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுக்க ஆணையம் விதித்த தேதி இன்னும் முடியாததால், புகாரின் நகலையே ஆதாரமாக இணைத்து என் ஆட்சேபணையை நேற்று ஆணையத்தில் நேரில் கொடுத்து ரசீது பெற்றுள்ளேன். அதே அளவு சத்தத்தில் ஒன்றாம் வகுப்பை எப்படி நடத்துவது என்ற ஒரே ஒரு கேள்விதான் அதில் எழுதியிருக்கிறேன்.

இந்தப் புகாரைத் திரும்பப் பெற நிறுவனத்தார் வந்தால், நான் அதற்குச் சம்மதிக்கவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். மெக்கானிக் நான் சொன்னதை மட்டுமே செய்தவர் என்பதால் அவரை இதிலிருந்து விடுவித்து, இயந்திரத்தை அவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்குப் பிணை எழுதிக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். எனக்கு எந்தத் தண்டனை விதித்தாலும் ஏற்கிறேன். மீட்டர் காட்டிய எண் அறுபத்து நான்கு என்பது மட்டும் விட்டுப்போகாமல் எழுதப்பட வேண்டும்.

இதை உதவி ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். மூன்றாம் பத்தியைப் படிக்கும்போது நிலையத்தின் வாசலில் லாரி ஒன்று என்ஜினை அணைக்காமல் நின்றதால் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. உதவி ஆய்வாளர் படிப்பதை நிறுத்திவிட்டு, ஒரு காவலரை அனுப்பி என்ஜினை அணைக்கச் சொன்னார். அதன் பிறகு அந்தப் பத்தியை முதலிலிருந்து படித்தார். எல்லாம் நன்றாகக் கேட்டது. நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, யாவும் உண்மை.

கையொப்பம்,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர்

என் முன்னிலையில் சொல்லி, எழுதி, படித்துக் காட்டப்பட்டது.
உதவி ஆய்வாளர்