போர்டுக்கு எலெக்‌ஷன் எப்போது?

கடத்தூர் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருவர் டீச்சர். மற்றவர் அந்த டீச்சரின் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. பெற்றோர்கள் போன மாதம்தான் தேர்ந்தெடுத்தார்களாம்.

“டீச்சர், பரீட்சை நடத்தற மெட்ராஸ் போர்டுக்கு எலெக்‌ஷன் எப்பங்க? நான் நிக்கலாம்னு இருக்கேன்.”

“அதுக்கு எலெக்‌ஷன் இல்லைங்க. கவர்மென்ட்டே ஆபீசருங்களப் போடும்.”

“புள்ளைங்களப் பெத்தவங்க ஒருத்தரும் இல்லைங்களா?”

“அவங்களும் பெத்தவங்கதான். ஆனா அதுக்காகப் போடல.”

“பின்ன, எம்மக பத்தாவது பரீட்சைக்கு ரெண்டு பஸ் மாறிப் போறது அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நம்ம ஊருக்கே சென்டர் வேணும்னு குழுவுல தீர்மானம் போடுங்க. ஹெச்.எம். மேல அனுப்புவாரு.”

“போட்டுடறேன். ஏங்க, எம்மக ஆபீசரானா அந்த போர்டுல போடுவாங்களா?”

“போடலாங்க.”

“அப்ப ரெண்டு பஸ் மாறிப் போயி பரீட்சை எழுதுனவ ஒருத்தி அங்க உக்காந்திருப்பா.”