பதினொரு மணிக்குத் தோணி வரும்

ஐயா, முதலில் அந்தத் துவாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் குடிசையைச் சோதிக்க வந்த பொலிஸ்காரர் தகரப்பெட்டியின் அடியிலிருந்து அதை எடுத்து உதறிப் பார்த்துவிட்டு, எங்கே களவெடுத்தாய் என்று கேட்டார். நான் களவெடுக்கவில்லை. கொழும்புக்கு அங்கால், கடற்கரை ஹோட்டல் ஒன்றில் எனக்கு மரியாதை செய்து தந்தது அது. அந்த வெள்ளைத் துவாயை அன்னம் மாதிரி மடித்துக் கட்டிலின் நடுவில் இருத்தியிருந்தார்கள். கழுத்துக்கூட வளைந்திருந்தது. பொலிஸ்காரர் உதறியதில் அன்னம் குலைந்துபோயிற்று. திருப்பி மடிக்க எனக்குத் தெரியாது.

கைநாட்டு வைத்தால் போதும், மிச்சத்தை நாங்கள் எழுதிக்கொள்கிறோம் என்று நீங்கள் சொன்னீர்கள். மன்னிக்க வேண்டும். நாற்பத்தாறு வயதில் எழுத்துப் படித்தவன் நான். இந்தக் கொப்பியில் நானே எழுதித் தருகிறேன். அவசரப்படுத்த வேண்டாம். அரிசி ஆலையில் இருபது வருடம் மூட்டை தூக்கிய கை, பேனை பிடித்தால் சீக்கிரம் நோகிறது.

என் பெயர் யோகராசா. முதுகு விட்டுப்போன பிறகு மருதடித்துறையில் தோணிக்காரனாக இருந்தேன். வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, ஆமியின் கையில். அந்தப் பக்கம் படுவான்கரை, இயக்கத்தின் கையில். இரண்டுக்கும் நடுவில் எங்கள் துறையில் ஓடலாம் என்று பாஸ் கொடுத்திருந்தது ஒரே ஒரு தோணிக்கு. அந்தப் பாஸ் என் பெயரில். கம்பு ஊன்றித் தள்ளினால் அக்கரைக்கு இருபது நிமிடம். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேர்.

நான் சூதாடி இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். புளியந்தீவில் நல்லரத்தினம் முதலாளியின் கிளப்புக்கு நாள்தோறும் போனேன் என்பது உண்மை. அங்கே நாலு மெசின் இருந்தது. காசைப் போட்டுக் கைபிடியை இழுத்தால் மணி, பழம், குதிரைலாடம் என்று படங்கள் சுற்றி வந்து நிற்கும். எழுத்துத் தெரியாதவனுக்கும் விளங்கக்கூடிய ஒரே விசயம் இந்த ஊரில் அதுதான். அடையாள அட்டையைக் காட்டு என்று கேட்காத ஒரே வாசலும் அதுதான். தோற்றுக்கொண்டு போனாலும், "நாளைக்கும் வாங்க அண்ணன்" என்பார்கள். ஐயா, எனக்கு வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

சமாதானம் முறிந்த வருடம் முதலாளி ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தார். கொழும்புக்காரர் செய்கிறதைப் பார்த்துச் செய்ததாம். ஆளுக்கு ஒரு மஞ்சள் அட்டை. வந்து விளையாடும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு முத்திரை. ஒரு நாளும் தவறாமல் தொண்ணூறு முத்திரை சேர்த்தவனுக்கு, மெசின்கள் நூற்றுக்கணக்கில் நிற்கும் அந்தக் கடற்கரை ஹோட்டலில் மூன்று நாள் இலவசம். தங்கலும் தீனும், கூட்டிப்போய்க் கூட்டிவர வான் வண்டியும் எல்லாம். ஒரு நாள் தவறினால் முதலாம் முத்திரையிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும்.

என்னிடம் அப்போது ஐந்து அட்டைகள் இருந்தன. அடையாள அட்டை, குடும்ப அட்டை, நிவாரண அட்டை, தோணிப் பாஸ், இது. வாங்கும்போது யாரும் அதட்டாமல் தந்த அட்டை இது ஒன்றுதான். நான் ஒரு நாளும் தவறவில்லை. ஊரடங்கு போட்ட நாளிலும் வளவுகளுக்குள்ளால் புகுந்து போனேன். என் மனுசி சீதேவியை அடக்கம் செய்த அன்றும் போனேன். எட்டே நிமிடம்தான். குழி வெட்டுகிறவர்கள் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் வந்துவிட்டேன். முதலாளி மிகவும் கவலைப்பட்டார். அனுதாபத்துக்கு ஒரு முத்திரை கூடுதலாகக் குத்தினார். மனிதன் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

இனி கிளாறிஸ் மிஸ்ஸைப் பற்றி எழுத வேண்டும்.

மிஸ் புளியந்தீவுப் பறங்கிக் குடும்பம். பென்சன் எடுத்த பிறகு கிழமைக்கு இரண்டு நாள் படுவான்கரைக்குப் போய்ப் பெரிய ஆட்களுக்கு எழுத்துப் படிப்பித்தார். என் தோணியில்தான் போவார், வருவார். ஒருநாள் நடு வாவியில் வைத்து, "யோகராசா, அங்க உள்ளவங்களுக்கெல்லாம் படிப்பிக்கிறன், கொண்டுபோற உனக்கு ஒண்ணும் தெரியா. எனக்கு வெக்கமா இரிக்கி" என்றார். அந்த இருபது நிமிடத்துக்குள் தடவைக்கு இரண்டு எழுத்து. தோணியின் பலகையில் நனைந்த விரலால் எழுதுவார். வெயிலில் காய்வதற்குள் நான் அதைப் பாடமாக்க வேண்டும்.

எங்கள் துறையில் ஒரு பழக்கம் இருந்தது. அக்கரையில் ஆள் வந்து நின்றால், கையைக் குவித்து "கூ" என்று நீட்டிக் கூவுவார்கள். கேட்டதும் நான் தோணியை எடுப்பேன். மிஸ்ஸுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு எழுத்து ஓடத் தொடங்கியதும், கரும்பலகை ஒன்று கொண்டுவந்து அக்கரை மருதமரத்தில் கட்டிவிட்டார். அடுத்த தோணி எத்தனை மணிக்கு என்று ஒவ்வொரு முறையும் நான் அதில் எழுத வேண்டும். "இனி ஒருத்தரும் நரி மாதிரி ஊளையிடப்படாது. எழுதி இரிக்கி, வாசிச்சிட்டு இருங்க" என்று சனத்துக்குக் கண்டிப்பாகச் சொன்னார். எங்கள் சனமும் சொன்னபடி கேட்டது. இங்கே பலகையில் எழுதி வைப்பதெல்லாம் உத்தரவு. ஊரடங்கு எழுதித்தான் வரும். ஊரை விட்டு எழும்பு என்பதும் எழுதித்தான் வரும். எழுத்துக்கு எதிர்த்துப் பேசிய ஒருவரையும் நான் கண்டதில்லை. நாலு மாதம் நான் எழுதிய மணிக்குத் தோணி போனது. ஐந்து நிமிடம்கூடப் பிந்தியதில்லை.

பங்குனி மாதம் எனக்குத் தொண்ணூறாவது முத்திரை விழுந்தது. வான் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் பாலத்தடியில். ஒருவருக்காகவும் நிற்காது என்று முதலாளி சொல்லியிருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் படுவான்கரைச் சனம் துறைக்கு வந்து குவிந்தது. இரண்டு நாளாக வெடிச் சத்தம் கிட்டக் கிட்ட வந்துகொண்டிருந்தது. நான் வேலையைத் தட்டிக்கழித்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. விடிந்ததிலிருந்து மூன்று தடவை ஏற்றி இறக்கினேன். மூன்றாவது தடவை போனபோது மணி ஒன்பது. மிஸ் அங்கே நின்றார். நோயாளிப் பெண் ஒருத்தியைக் கூட்டிவரவென்று முதல் நாளே போயிருந்தார். நான் கையை நீட்டினேன். "பிள்ளைத்தாய்ச்சிகளை முதல்ல ஏத்து. நான் மறுகா வாறன்" என்றார். ஏற்றினேன். கரையில் பதினைந்து பேர் மிஞ்சினார்கள்.

அடுத்த தடவை போய் வந்தால் வான் போய்விடும். கணக்கு அவ்வளவுதான்.

இனித் தோணி வராது என்று எழுதலாமா என்று யோசித்தேன். அப்படி எழுதினால் சனம் குழம்பும், கூவும். இந்தக் கரையில் உள்ளவர்கள் என்னைப் பிடித்து நிறுத்துவார்கள். ஆகையால் சனம் குழம்பாத விதமாக எழுதினேன்: பதினொரு மணிக்குத் தோணி வரும். பொறுத்திருக்கவும். மிஸ் பக்கத்தில் நின்று வாசித்தார். "கொம்பெல்லாம் இப்ப வடிவா வருது" என்று என் முதுகில் தட்டினார். அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் ஒரு மாதிரித்தான் இருந்தது. வெண்கட்டியைப் பையில் போட்டுக்கொண்டு தோணியைத் தள்ளினேன்.

எழுவான்கரையில் தோணியைச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். அனுமதியில்லாத ஆள் தோணியைத் தொட்டால் பாஸ் ரத்தாகும் என்று உத்தரவு இருந்தது. நான் உத்தரவை மதிக்கிறவன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வானுக்குப் போனேன்.

பதினொன்றே காலுக்குச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கி வரிசையில் விட்டிருந்தபோது முதலாளியின் போன் அடித்தது. துறையடித் தேத்தண்ணிக் கடை இராசதுரை. முதலாளி போனை என்னிடம் தந்தார்.

"எங்கயடா நிற்கிறாய்? அக்கரையில சனம் காத்துக்கொண்டு இரிக்கி. சத்தம் கிட்டக் கேக்குது. கோடாலி எடுத்திட்டன், சங்கிலியை வெட்டட்டா?"

"வெட்டாத மச்சான்" என்றேன். "பாலத்தடியால வாறன். அஞ்சு நிமிசம் பொறு."

வேறு என்ன சொல்லலாம், ஐயா? வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர்தான். சோதனை முடிந்தால் வான் வெளிக்கிட்டுவிடும். தோணியை நடுவழியில் விட்டுவந்தவன் என்று முதலாளிக்குத் தெரிந்தால் என்னை இறக்கியும் விடுவார். இராசதுரை நல்ல மனிதன். கையில் கோடாலியோடு அரை மணித்தியாலம் பொறுத்தான் என்று பிறகு அறிந்தேன்.

ஹோட்டல் வாசலில் எனக்கு ஓர்க்கிட் மாலை போட்டார்கள். சிவப்பாக ஒரு சர்பத் தந்தார்கள். சுவரில் பெரிய துணி கட்டி மூன்று மொழியில் எழுதியிருந்தது. தமிழில் இருந்ததை நானே வாசித்தேன். எங்கள் நம்பிக்கைக்குரிய விருந்தினரே வருக. ஒருவருடைய உதவியும் இல்லாமல் ஒரே மூச்சில் நான் வாசித்த முதல் வசனம் அது. அதன் கீழே நிறுத்திப் படம் பிடித்தார்கள். கண்ணை மூடாமல் நின்றேன். அறையில் துவாய் அன்னம் இருந்தது. தோணிச் சாவியை அதன் பக்கத்தில் வைத்தேன்.

மறுநாள் காலைச் சாப்பாட்டு மேசையில் முதலாளி என் காதருகே வந்தார். "யோகராசா, உங்கட துறையில ஷெல் விழுந்திட்டாம். நேற்றுப் பன்னிரண்டுக்குக் கால் மணி இரிக்கக்குள்ள."

"எத்தனை பேர்?"

"பதினாலு எண்டுறாங்க. திரும்பிப் போவமா?"

ஷெல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அது கேட்கிற கேள்வி இல்லை. திரும்பிப் போவது பற்றித்தான் யோசித்தேன். போய் என்ன செய்வது? செத்தவர்கள் தோணிக்குக் காத்திருப்பதில்லை. மூன்று நாளைக்கும் என் பெயரில் சாப்பாடு எழுதியிருந்தார்கள். சாப்பிடாமல் போனால் அது வீண். எழும்பிப் போய் இன்னும் இரண்டு முட்டை அப்பம் எடுத்துக்கொண்டேன். மெசினில் ஒன்றும் விழவில்லை. ஆனாலும் அந்த ஹோட்டல் பிள்ளைகள், "திரும்பவும் வாங்க சேர்" என்று கும்பிட்டுத்தான் அனுப்பினார்கள்.

பதினைந்தில் பதினாலு போனால் ஒன்று. அந்த ஒன்று இலட்சுமிப்பிள்ளை. என்மேல் முறைப்பாடு கொடுத்தவளும் அவள்தான் என்று நினைக்கிறேன். நான் ஊருக்கு வந்த அன்று அவள் என் வாசலில் நின்றாள். ஏசுவாள் என்று பார்த்தேன். ஏசவில்லை.

"பதினொண்டு தாண்டினதும் கூ போடுவம் எண்டு சொன்னன்" என்றாள். "மிஸ் விடல்ல. தண்ணி நெஞ்சளவுதான், நடப்பம் வாங்க எண்டு சொன்னன். அதுக்கும் விடல்ல. பலகையைக் காட்டிச் சொன்னா, அது யோகராசாட கையெழுத்து, நான் படிப்பிச்ச எழுத்து, அவன் பொய் எழுத மாட்டான் எண்டு. எல்லாரும் இருந்திட்டாங்க. எனக்கு வாசிக்கத் தெரியா. அதால நான் தண்ணிக்குள்ள இறங்கிட்டன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் சொன்னது உண்மை. அந்தத் துறையில் தண்ணீர் பங்குனியில் நெஞ்சளவுதான். கம்பு ஊன்றுகிறவனுக்கு அது தெரியாமல் இருக்குமா? அதை எழுதாமல் விட்டதும் நான்தான்.

அடுத்த நாள் போய்ப் பலகையைக் கழற்றி வந்தேன். ஒரு மூலை உடைந்திருந்தது. மிஸ்ஸை மூடத் துணி போதவில்லை, வீட்டில் வெள்ளைத் துணி ஏதும் இருக்கிறதா என்று அன்றைக்கு எல்லார் வீட்டிலும் கேட்டார்களாம். நான் ஊரில் இல்லை. அப்போதே துவாய் கையில் இருந்திருந்தாலும் கொடுத்திருக்க முடியாது. அன்னம் குலைந்துவிடும்.

ஐயா, கை நோகிறது. முடித்துவிடுகிறேன். கிளாறிஸ் மிஸ்ஸையும் மற்றப் பதின்மூன்று பேரையும் நான்தான் கொன்றேன். ஷெல் யாருடையது என்றாலும், அவர்களை அந்த மரத்தடியில் இருத்தி வைத்தது என் எழுத்து. அப்படியே பதியுங்கள். கீழே என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்து வைக்கிறேன்.

ஆனால் துவாயைக் களவு என்று பதிய வேண்டாம். அது என் நம்பிக்கைக்காகத் தந்தது.